முழங்கால் நடுங்கும் இடம்

சேசு மரி சூசை துணை

56 ஏ.பி.ஓ.
26-2-61

அன்புள்ள அப்பா அம்மாவுக்கும் தங்கை ஆனந்தமேரிக்கும் பாஸ்கல் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் தயவால் நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

ஜோஷிமட் ராணுவ முகாமில் பனி குறைந்து வருகிறது. எனக்கு ஸ்டோர் வேலைதான். கயிறும் கூடாரமும் மண்ணெண்ணெய் டின்னும் அடுக்கி வைக்கவேண்டும். கூரையுள்ள இடம், பக்கத்திலேயே அடுப்பு. புது பூட்ஸ் கொடுத்தார்கள். ஒரு காலுறை போட்டால் குதிகாலைக் கடிக்கிறது, இரண்டு போட்டால் விரலைக் கடிக்கிறது. அப்பா அனுப்பிய சுருட்டு நசுங்காமல் வந்து சேர்ந்தது.

உங்கள் ஆசீர் வேண்டும் மகன்,
பாஸ்கல்

(தனித்தாள்)

ஆனந்தமேரி, இதை வீட்டில் வாசிக்காதே. அம்மாவுக்கு நான் ஸ்டோரில் இருப்பதாகவே இருக்கட்டும்.

எங்கள் கேப்டன் சோமையா, குடகுக்காரர், இந்த வருஷம் ஒரு சிகரத்தில் ஏறப்போகிறார். அதற்குப் பெயரில்லை. வரைபடத்தில் உயரம் மட்டும் போட்டிருக்கிறது, இருபதாயிரத்துச் சொச்சம் அடி. ஏறுவது இருக்கட்டும், அதன் அடிக்குப் போகும் வழியே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். அவர்களில் தான்சிங் என்று ஒருவன் நம்மூர்ச் சுருட்டுக்கு மயங்கி எனக்குச் சிநேகிதனாகிவிட்டான். கோடையெல்லாம் மேலே ஒரு குகையில்தான் அவன் குடியிருப்பு. அவனிடம் வழி கேட்டு இங்கிலீஷில் குறிப்பு எழுதித் தந்தால் என்னை மேல்முகாம் வரை சேர்த்துக்கொள்வதாகக் கேப்டன் சொல்லிவிட்டு ரூர்க்கி போயிருக்கிறார். இங்கே கிளார்க்கிடம் எழுதச் சொன்னால் தன் பெயரைப் போட்டுக்கொள்வான். என் தங்கை பி.ஏ. என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். தமிழில் எழுதி அனுப்புகிறேன், நீ மாற்றிக் கொடு. இடம் எல்லைப் பக்கம் இல்லை, பயப்படாதே. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு மேலே உயர்ந்ததில்லை நான். இதில் ஒரு முறை மேலே போய்ப் பார்க்கிறேன்.

*

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
12-3-61

அன்புள்ள அண்ணனுக்கு ஆனந்தமேரி வணக்கமாய் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். அம்மாவின் இருமல் நின்று ஒரு வாரம் ஆகிறது. கஷாயத்தால் என்று அம்மா சொல்கிறார்கள். கஷாயம் பாதி வாழைத்தூரில் ஊற்றப்பட்டது எனக்குத் தெரியும்.

உங்கள் முதல் தாளை அன்று மாலையே வாசித்தேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அடுப்பு இருக்கிறது என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். பூட்ஸ் கடிப்பதற்கு விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். அப்பா, பட்டறையில் அறுபது மாங்காய்ப் பூட்டு முடித்துக் கொடுத்த களைப்பில், "கூரை இருக்குல்ல, போதும்" என்று சொல்லிப் படுத்துவிட்டார்கள்.

குறிப்பை அனுப்புங்கள். நான் எழுதுவது ராணுவத்துக்குப் போதுமா என்றுதான் கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் நாற்பது பெண்கள் என்னைப் பார்த்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அங்கே யாரும் என்னைப் பார்க்கப்போவதில்லை என்பதால் செய்துவிடலாம்.

அன்புத் தங்கை,
ஆனந்தமேரி

*

56 ஏ.பி.ஓ.
30-3-61

அன்புத் தங்கைக்கும் பெற்றோருக்கும் ஈஸ்டர் வாழ்த்து. சுகமாக இருக்கிறேன். இங்கே கோயில் இல்லை. நாளை பெரிய வெள்ளிக்கு நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஜெபமாலை சொல்லப்போகிறோம். விளக்கெண்ணெய் இங்கே உறைந்து கட்டியாகிவிடுகிறது என்று அம்மாவிடம் சொல்.

(தனித்தாள்)

இரண்டு சுருட்டும் ஒரு சாயங்காலமும் செலவானது. தான்சிங் சொன்னதை ஒழுங்காக, நாள் வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

முதல் நாள், பாலம் தாண்டிக் கடைசி ஊர். அதற்குமேல் வீடு கிடையாது.

இரண்டாம் நாள், வெள்ளைப் பட்டை உரிகிற பூர்ஜ மரத்தோப்பு. தண்ணீர் உண்டு, விறகு உண்டு.

மூன்றாம் நாள், இரண்டு ஓடைகள் கூடுமிடம். நம்முடையது இடதுகைப் பக்கத்து ஓடை. மற்றதில் போகக்கூடாது. அதன் முடிவில் பனிச்சுவர், கல் விழும்.

நான்காம் நாள், அந்த இடது ஓடை ஓரமாகவே போகவேண்டும். பாதித் தூரம் முழங்கால் நடுங்கும் இடம். நிதானம் வேண்டும்.

ஐந்தாம் நாள், புல்வெளி. அதன் கோடியில் குகை. முப்பது ஆடும் நாலு ஆளும் தங்கலாம். சிகரம் அங்கிருந்து நேரே தெரியும்.

கேப்டன் ஏப்ரல் இருபதுக்குள் வந்துவிடுவார். மே முதல் வாரம் புறப்பாடு. சீக்கிரம் அனுப்பு.

பாஸ்கல்

*

திண்டுக்கல்
11-4-61

அன்புள்ள அண்ணனுக்கு, ஆனந்தமேரி. எல்லோரும் சுகம். வெயில்தான் பொறுக்கமுடியவில்லை. கோட்டைப் பாறை சாயங்காலம் ஏழு மணிக்கும் சுடுகிறது.

இங்கிலீஷ் பிரதி இதோடு இருக்கிறது. மூன்று தடவை எழுதினேன். ஒரே ஒரு இடத்தில் தயக்கம். முழங்கால் ஏன் நடுங்கும்? குளிராலா, பயத்தாலா? செங்குத்து என்று மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு தான்சிங் சொன்னதை மாற்ற நான் யார் என்று அப்படியே போட்டுவிட்டேன்.

எங்கள் தலைமையாசிரியை, மதர், ஜூன் திறந்ததும் பத்தாம் வகுப்புப் பெண்களைச் சிறுமலைக்குக் கூட்டிப்போக வேண்டும், பூகோள டீச்சராகிய நான் முன்னதாகப் போய் வழி பார்த்து வரவேண்டும் என்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்து, "சரி மதர்" என்று சொல்லிவிட்டேன். வருகிற இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை அப்பாவோடு போகிறேன். மலையிலிருந்து பொதிக்குதிரையில் வாழைக்குலை கொண்டுவரும் பேச்சாயி நம் தெருவில் இறக்கும்போது வழி கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் தான்சிங்கிடம் கேட்டது போல. நான் சுருட்டுக்குப் பதில் காப்பி கொடுத்தேன்.

பூட்ஸ் இப்போது எப்படி?

ஆனந்தமேரி

*

திண்டுக்கல்
24-4-61

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும், இன்னும் புறப்படாமல் இருக்கவேண்டும். உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். தயவுசெய்து இதை உடனே கேப்டனிடம் காட்டுங்கள்.

சனிக்கிழமை விடியலில் வெள்ளோட்டிலிருந்து நானும் அப்பாவும் ஏறினோம். பேச்சாயி சொன்னது இது: ஓடை, அதற்கப்புறம் இரட்டைப் பாறை, பாறைக்கு இடதுகைப் பக்கம் தடம், அங்கே முழங்கால் நடுங்கும், பார்த்துப் போகவேண்டும். ஓடை வந்தது. இரட்டைப் பாறை வந்தது. இடதுகைப் பக்கம் போனோம். தடம் இருந்தது. ஆட்டுத் தடம் மாதிரி ஒல்லியாகி, சூரைமுள்ளுக்குள் நுழைந்து, ஒரு பாறை விளிம்பில் முடிந்துவிட்டது. கீழே பார்த்தால் திண்டுக்கல் கோட்டை ஒரு பூட்டு அளவுக்குக் கிடந்தது. எனக்கு மூச்சு அடைத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முழங்கால் ஒன்றும் செய்யவில்லை. அப்பா விளிம்பில் உட்கார்ந்து முள் எடுத்தபடி, "ஏத்தா, நீ படிச்ச பூகோளத்துல இந்தப் பாறை இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

திரும்பி வந்து இரட்டைப் பாறையில் நின்றபோது குதிரை மணி கேட்டது. பேச்சாயிதான், இரண்டு குதிரைப் பொதியோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். பாறைக்கு வலப்பக்கத்துத் தடத்திலிருந்து வந்தாள். இடதுகை என்று சொன்னாயே என்றேன். அவள் நின்ற வாக்கிலேயே இடதுகையைத் தூக்கி, தான் வந்த தடத்தைக் காட்டினாள்.

"இந்தா, இதுதான எடதுகை? நான் மேல இருந்துதான வாரேன். எங்க வீட்டுக்கு ஏறிப்போக நான் யாருகிட்ட வழி கேக்கப்போறேன்?"

வரிசை மட்டும் கீழிருந்து சொன்னாயே என்று கேட்டேன். நீ அப்படித்தானே ஓடை முதலா, பாறை முதலா என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டாய் என்றாள். அது உண்மை. பிறகு முழங்காலைப் பற்றிக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதமுடியாது.

"ஏறையில நெஞ்சு அடைக்கும். எறங்கையிலதான் தாயி முழங்கா நடுங்கும். இதுகூட அம்புட்டுப் படிப்புல வரலையா?"

அண்ணா, தான்சிங் சொன்னதிலும் முழங்கால்தான் நடுங்குகிறது. அவன் வீடும் மேலே. அவனும் இறங்கி வரும் வழியைத்தான் சொல்லியிருக்கவேண்டும். அப்படியானால் ஓடைகள் கூடுமிடத்தில் அவன் இடதுகை, ஏறுகிற உங்களுக்கு வலதுகை. நீங்கள் இடது ஓடையில் போனால் கல் விழும் பனிச்சுவருக்குப் போவீர்கள்.

நான் பனியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. கேப்டனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும் என்று நேற்று முழுவதும் பேசாமல் இருந்துவிட்டேன். இன்று தந்தி ஆபீசுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஜன்னலுக்குள்ளிருந்து, "யாருக்கும்மா, என்ன விஷயம்?" என்று உரக்கக் கேட்டார்கள். பின்னால் எட்டுப் பேர். ஒன்றுமில்லை என்று சொல்லி வந்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதம், எக்ஸ்பிரஸ் டெலிவரியில்.

அம்மா கேட்டார்கள், ஏன் இன்றைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை தபாலாபீஸ் என்று. ஸ்டாம்பு தீர்ந்துவிட்டது என்றேன்.

ஆனந்தமேரி

*

திண்டுக்கல்
26-4-61

அண்ணனுக்கு. இன்று காலை மறுபடி போனேன். உரக்கக் கேட்டார்கள். நானும் உரக்கச் சொன்னேன். தந்தி போய்விட்டது: முழங்கால் நடுங்குவது இறங்கும்போது, ஏறுகிறவருக்கு வலது ஓடை. இதைப் படித்த தந்திக்காரர், வயசான முஸ்லிம் ஒருவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ராணுவ விலாசத்துக்கு இப்படிக் கொடுத்தால் ஏதோ ரகசியச் செய்தி என்று போலீஸ் தேடி வருமே என்று கவலைப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு மூட்டுவலியாம். "மெய்தாம்மா, படி எறங்கையிலதான் எனக்கும் உயிரு போகுது" என்று முத்திரை குத்தினார்.

கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஆனந்தமேரி

*

திண்டுக்கல்
20-5-61

அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். உங்கள் சுகம் தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அம்மா தினம் பதினொரு மணிக்கு வாசலைப் பெருக்குகிறார்கள். தபால்காரர் போனபின் துடைப்பத்தை வைத்துவிடுகிறார்கள். பனியில் தபால் வண்டி வராது என்று சொல்லியிருக்கிறேன். சித்திரை முடிந்து வைகாசி பிறந்தபின்னும் என்ன பனி என்று ஒரே ஒரு முறை கேட்டார்கள். அப்பா சுருட்டு வாங்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள், அனுப்பவா வேண்டாமா என்று கேட்கவில்லை.

நீங்கள் எந்த ஓடையில் போனீர்கள்?

ஆனந்தமேரி

*

56 ஏ.பி.ஓ.
27-5-61

அன்புள்ள பெற்றோருக்கும் தங்கைக்கும். நான் சுகம். கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஸ்டோரில் வேலை அதிகம். இப்போது குறைந்துவிட்டது. ஒரு மாதம் உட்கார்ந்து செய்யும் வேலைதான் எனக்கு. சாப்பாடு நன்றாக இருக்கிறது, முட்டைகூடத் தருகிறார்கள். அப்பா சுருட்டு அனுப்பினால் நல்லது.

(தனித்தாள்)

ஆனந்தமேரி, உன் எக்ஸ்பிரஸ் கடிதமும் தந்தியும் நாங்கள் புறப்பட்ட பிறகு வந்தன. கேப்டன் வானம் தெளிவாக இருக்கிறது என்று இருபத்தைந்தாம் தேதியே கிளம்பிவிட்டார்.

இடது ஓடையில்தான் போனோம். இரண்டு நாள். குறிப்பில் சொன்ன புல்வெளி வரவில்லை. பனிச்சுவர் வந்தது. மேலே வெயில் பட்டதும் கல் உருள ஆரம்பித்தது. ஒரு கல் எங்கள் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே யாரும் இல்லை. கேப்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் மூட்டை கட்டினார்கள்.

கூடுமிடத்துக்குத் திரும்பி வந்து அடுப்பு மூட்டும்போது கீழேயிருந்து ரேஷன் மூட்டையோடு ஆள் வந்தான். பருப்புக்கும் உப்புக்கும் நடுவே உன் தந்தி. கேப்டன் படித்தார். மறுபடி படித்தார். எழுந்து நின்று ஆறு போகும் திசையைப் பார்த்து, இடதுகையை நீட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆற்றின் கரையைச் சொல்லும்போது நீர் போகும் பக்கம் பார்த்து நின்று சொல்லவேண்டும் என்று சர்வே பாடத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம், மறந்துவிட்டேனே என்றார். தான்சிங் குகையிலிருந்து இறங்கும் வரிசையில்தான் சொன்னான். வரிசையைத் திருப்பிப் போட்டவன் நான். கையைத் திருப்பிப்போட மறந்துவிட்டேன்.

வலது ஓடையில் போனோம். பாதித் தூரத்தில் எல்லோருக்கும் நெஞ்சு அடைத்தது. கேப்டன் ஒவ்வொருவராக, முழங்கால் எப்படி என்று கேட்டார். புல்வெளி வந்தது, குகை வந்தது, உள்ளே ஆட்டுப் புழுக்கையும் தான்சிங் போட்ட சுருட்டுக் கட்டையும் கிடந்தன. சிகரத்தில் கேப்டனும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். நான் மேல்முகாமில் பனியை உருக்கிச் சாயா போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் இறங்கி வந்தபோது கேப்டன் முதல் குவளையை எனக்குத் தந்தார். நான் சந்தோஷமாக இருக்கிறேன். உண்மையாகவே.

பாஸ்கல்

*

திண்டுக்கல்
8-6-61

அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வழக்கம்போல முதல் தாளை வாசித்தேன். தனித்தாளை மடித்து இடுப்பில் செருகியிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். முடிந்ததும், "மத்தத வாசி" என்றார்கள். மற்றது இல்லை என்றேன்.

"மாசியிலருந்து பாக்குறேன். நீ வாசிக்கையில நடுவுல எச்சி முழுங்குவ. அவன் அடுப்புக்கிட்ட உக்காந்துருந்தா நீ ஏன் எச்சி முழுங்கணும்? அந்த எடத்துலயெல்லாம் அவன் ஏறிக்கிட்டு இருக்கான்னு தெரியும். வாசிடி."

வாசித்தேன். பனிச்சுவரையும் கல்லையும் கூடாரத்தையும் வாசித்தேன். அம்மா அழுவார்கள் என்று நினைத்தேன். கீரைக்காம்பை ஒன்றொன்றாக ஒடித்துக்கொண்டே கேட்டார்கள். நீங்கள் சாயா போட்ட இடத்தில், "பனிய உருக்கினா தண்ணிதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பட்டறையிலிருந்து வந்த அப்பா நிலையில் சாய்ந்து நின்று கடைசி வரை கேட்டுவிட்டு, கல் விழுகிற சத்தம் முன்னாலேயே கேட்காதா என்று விசாரித்தார்கள்.

முடிந்தபின் அம்மா, இரண்டு தாளிலும் பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றார்கள். போன எல்லாக் கடிதத்திலும் கடிக்கிறது, உறைகிறது என்று எழுதினவன், இத்தனை தூரம் நடந்துவிட்டு வந்து காலைப் பற்றியே எழுதாமல், உட்கார்ந்து செய்யும் வேலை என்கிறானே, முட்டை தருகிறார்களாமே, முட்டை ஆஸ்பத்திரியில்தானே தருவார்கள் என்று கேட்டார்கள். நான் இதை ஒன்றையும் கவனிக்கவில்லை. கூர்ந்து பார்க்கிறவள் என்று எனக்கு வீட்டில் பெயர்.

இனி அம்மா சொல்வது, நான் எழுதுவது மட்டும்:

"அப்பு, கால்ல என்ன? எத்தனை வெரலு? மறைக்காத. மறைச்சா நான் பத்து வெரலும் போச்சுன்னுதான் நெனைப்பேன். இனிமே ரெண்டு தாள்ல எழுதாத. ஒரே தாள்ல எழுது. எம்புட்டு ஒசரமா இருந்தாலும் நான் கேட்டுக்கிடுவேன்."

அண்ணா, நான் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இருபத்துநாலாம் தேதி வரிசையிலிருந்து திரும்பி வந்தேன். இருபத்தாறாம் தேதிதான் தந்தி கொடுத்தேன். அந்த இரண்டு நாள் முந்தியிருந்தால்?

ஆனந்தமேரி

*

56 ஏ.பி.ஓ.
22-6-61

அன்புள்ள அம்மா, அப்பா, ஆனந்தமேரி. சர்வேசுரன் தயவால் ஒன்பது விரலும் முக்கால் விரலும் சுகம்.

ஒரே தாளில் எழுதுகிறேன். இடதுகால் சுண்டுவிரலில் நுனி போய்விட்டது. பனியில் கறுத்துவிட்டது, டாக்டர் எடுத்துவிட்டார். வலி இல்லை. நடக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மை, முட்டையும் உண்மை.

நடந்தது இது. இடது ஓடையில் புல்வெளி வராமல் போனதும் என் குறிப்பு சரிதான் என்று காட்ட, கேப்டன் சொல்லாமலே நான் முன்னால் தனியாகப் போனேன். குட்டையை மூடியிருந்த பனி உடைந்து கால் உள்ளே போனது. பூட்ஸ் நிறையத் தண்ணீர். தப்பு என்னுடையது என்ற வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஈரக் காலோடு ஒரு வாரம் நடந்தேன். மேல்முகாமில் பூட்ஸைக் கழற்றியபோதுதான் கேப்டன் பார்த்தார். அதனால்தான் நான் சிகரத்துக்குப் போகவில்லை. என்னையும் கூப்பிடுவதாகத்தான் இருந்தார். அன்றைக்கு முதல் தடவையாகத் திட்டினார், நன்றாகவே திட்டினார்.

ஆனந்தமேரி, உன் கேள்விக்குப் பதில். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் தந்தி கூடுமிடத்திலேயே எங்களைப் பிடித்திருக்கும். அம்மா மறைக்காதே என்று சொல்லிவிட்டதால் சொல்கிறேன். ஆனால் கையைத் திருப்பாமல் விட்டது நான். ஈரக் காலை மறைத்ததும் நான். உன் பங்கு சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கலாம். அந்த நகம் எனக்குத் தேவைப்படவில்லை. நீ தந்தி கொடுக்காமலே இருந்திருந்தால் மறுநாள் காலை வேறு தடம் தேடிப் பனிச்சுவருக்கே திரும்பியிருப்போம், கேப்டன் அப்படித்தான் முடிவு செய்திருந்தார். அதையும் சேர்த்து எண்ணிக்கொள்.

கேப்டன் உனக்குத் தனியாக எழுதுகிறார். இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள எல்லா வழியையும் மேய்ப்பர்களிடம் கேட்டு நான் எழுதவேண்டுமாம். நீ இங்கிலீஷில் மாற்றி, உன் பெயரைப் போட்டு அனுப்பவேண்டுமாம். ஒவ்வொருவனையும் முதலில் உட்காரவைத்து, நெஞ்சா முழங்காலா என்று கேட்டுவிட்டுத்தான் வழி கேட்கப்போகிறேன்.

அம்மா, வேறு ஒன்றும் மறைக்கவில்லை.

பாஸ்கல்

*

திண்டுக்கல்
17-7-61

அன்புள்ள அண்ணனுக்கு. மூவரும் சுகம், அம்மாவும் உண்மையாகவே சுகம். உங்கள் கடிதத்தை ஒரு இடத்திலும் நிறுத்தாமல் வாசித்தேன். விரல் நுனி என்ற இடத்தில் அம்மா கையை எடுத்து நெஞ்சில் வைத்து, "அம்புட்டுத்தானா?" என்று கேட்டார்கள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் உலை வைத்தார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு வாசல் பெருக்கவில்லை.

சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பெண்களைச் சிறுமலைக்குக் கூட்டிப் போனேன். மதர் குடையோடு வெள்ளோட்டிலேயே தங்கிவிட்டார்கள். இரட்டைப் பாறையில் எல்லோரும் என்னைப் பார்த்து நின்றார்கள். கரும்பலகை இல்லாததால் அவர்களைப் பார்த்துத்தான் பேசவேண்டியிருந்தது. ஏறும்போது வலதுகை, இறங்கும்போது இடதுகை, மாற்றிச் சொல்கிறவர்களைப் பாறை விளிம்பில் விட்டுவிடுவேன் என்றேன். சிரித்தார்கள். என்னைப் பார்த்து அல்ல, நான் சொன்னதைக் கேட்டு. மேலே வாழைத்தோட்டத்தில் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பேச்சாயி ஆளுக்கொரு பழம் கொடுத்தாள். என்னிடம் கொடுக்கும்போது, "டீச்சருக்கு எந்தக் கையில குடுக்க?" என்றாள்.

கேப்டனின் கடிதம் வந்தது. சம்மதம் என்று எழுதிவிட்டேன். அப்பா அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத இங்கிலீஷை எல்லோரிடமும் காட்டினார்கள். முதல் கட்டுக் குறிப்பு எப்போது வரும்?

ஆனந்தமேரி

*

56 ஏ.பி.ஓ.
14-9-61

அன்புள்ள அம்மாவுக்குப் பாஸ்கல் எழுதுவது. சுகம். அப்பாவும் ஆனந்தமேரியும் சுகம்தானே. இதை ஆனந்தமேரி அப்படியே வாசிப்பாள்.

மழை நின்றுவிட்டது. கால் ஆறிவிட்டது, புது பூட்ஸ், ஓர் அளவு பெரியது, எங்கும் கடிக்கவில்லை. நாளைக் காலை தான்சிங்கோடு குகைக்குப் புறப்படுகிறேன். பதினாலாயிரம் அடி. அங்கிருந்து கிழக்கே இன்னொரு கணவாய்க்கு வழி இருக்கிறதாம், அதைப் பார்த்து எழுதவேண்டும். பனி இருக்கும். கயிறு கட்டிக்கொண்டு போவோம். பயம் கொஞ்சம் இருக்கிறது. இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவோம்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் இறங்கி ஒரு நாளாவது ஆகியிருக்கும். அதனால் வாசித்து முடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போங்கள்.

பாஸ்கல்